எங்கள் காம்பவுண்டில் பறவைகளுக்குத் தடை

சம்பளம் இல்லாமல் திட்டு மட்டும் வாங்கித் தரும் உத்தியோகம் ஒன்று உண்டென்றால், அது குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் பதவிதான். தண்ணீர் வராவிட்டாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். டேங்க் நிரம்பி வழிந்தாலும் நம்மைத்தான். ஊர் ஊராக இந்தப் பதவியில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகாக்களே, மேலகரத்தில் நான் படும் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

கடலையும் மிக்சரும்

எங்கள் வளாகத்தின் கடைசி வீட்டில் ஸ்டெல்லா டீச்சர் தனியாக இருக்கிறார். ஓய்வு பெற்றவர், மகள் வெளிநாட்டில். தோட்டத்தில் ஒரு தட்டைத் தொங்கவிட்டு அதில் கம்பும் தினையும் போடுவார். பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர். சுற்றுச்சுவரில் காக்கைக்கு ஒரு பிடி சோறு. விடிந்ததும் தவிட்டுக்குருவிகளும் மைனாக்களும் போடுகிற சத்தம்தான் அவருக்குப் பேச்சுத்துணை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் ஆசையாக வேர்க்கடலையும் போட்டுவிட்டார். குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு செய்கிற காரியமா அது? மறுநாளே குரங்குகள் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டன. கடலை தீர்ந்ததும், பக்கத்து வீட்டுக் கோமதி அக்காவின் அடுப்படி ஜன்னலுக்குள் கையை விட்டு மிக்சர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயின. கொடியில் காயும் துணியில் எச்சம் விழுகிறதென்று ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த அக்கா, நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர் வீட்ல கடலையத் தின்னுட்டு, மிக்சருக்கு எங்க வீட்டுக்கு வருது சார்! அதுகளுக்குக் காப்பியும் நாந்தான் போட்டுக் குடுக்கணுமோ?"

நோட்டீஸ்

சங்கத் தலைவர் ரத்தினவேல் அண்ணாச்சி. தென்காசியில் ஹார்டுவேர் கடை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். அடுத்த கூட்டத்திலேயே, 'வளாகத்துக்குள் எந்தப் பறவைக்கும் எதுவும் வைக்கக் கூடாது' என்று தீர்மானம் போட்டுவிட்டார். டீச்சர் அன்று வரவில்லை, வந்திருந்த எல்லோரும் கை தூக்கினோம். தீர்மானம் போடுவது தலைவர், அதைக் கொண்டுபோய்க் கொடுத்து முகத்தைப் பார்ப்பது செயலாளர். நம் தலையெழுத்து அது!

டீச்சர் நோட்டீஸைப் படித்தார், தட்டைக் கழற்றினார். முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு மனசே ஆறவில்லை. அண்ணாச்சி நடைப்பயிற்சியில் மொட்டைமாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவார் என்பதால், சாப்பிடுமுன் காக்கைக்குச் சோறு வைக்கிற வீடுகளும் பயந்து நிறுத்திவிட்டன. ஒரு நாள் பார்த்தால், பின்கேட்டுக்கு வெளியே காலி மனையில், ஒரு கல்லின்மேல் டீச்சர் தானியமும் சோறும் வைத்துக்கொண்டிருக்கிறார். என்ன டீச்சர் இது என்று கேட்டேன்.

"வளாகத்துக்குள்ளதான வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு? வெளிய இருக்கிற வானமும் நம்ம சங்கத்துல சேந்துட்டுதா சார்?"

ஆடி அமாவாசை

அம்மா தவறியதிலிருந்து அண்ணாச்சி ஒரு ஆடி அமாவாசையையும் விட்டதில்லை. அன்றும் குற்றாலத்தில் குளித்து, தர்ப்பணம் கொடுத்து, விரதத்தோடு வந்து இலையில் சோறும் வடையும் பாயசமும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடி ஏறினார். தீர்மானத்துக்குக் கை தூக்கிய அத்தனை பேரும் அவரவர் மாடியில் இலையோடு நின்றார்கள். அவர்கள் போட்ட விதி அவர்களுக்கே நினைவில்லை! "கா... கா..." என்று காம்பவுண்டே கத்தியது. ஒரு காக்கை வர வேண்டுமே! சோறு இல்லாத மாடிகளை அவை எப்போதோ மறந்துவிட்டன.

வெயில் ஏறியது. காக்கை தொடாமல் அண்ணாச்சி பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. அம்மாவுக்கு என்மேல் என்ன கோபமோ என்று அவர் முனகியபோது, அதுவரை வந்த சிரிப்பு எனக்கு நின்றுபோயிற்று. கடைசியில் இலையைத் தூக்கிக்கொண்டு பின்கேட்டு வழியாகக் காலி மனைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அங்கே வேப்பமரம் முழுக்கக் காக்கைகள். டீச்சர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். இலையை வைத்த உடனே ஒரு காக்கை இறங்கி வடையைக் கொத்தியது. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கம்மாவுக்கு உங்க இடம் தெரிஞ்சிருக்கு டீச்சர். எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

புது விதி

அடுத்த கூட்டத்தில் தடையை நீக்கச் சொன்னவர் அண்ணாச்சியேதான். ஆனால் கோமதி அக்கா சம்மதிக்காமல் தட்டு திரும்ப ஏறக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தானே? உட்கார்ந்து பேசினோம். தட்டு கொடிக்கும் ஜன்னலுக்கும் எட்டத்தில், தோட்டத்து நடுவில் தொங்க வேண்டும். காலையில் மட்டும் தானியம். மிச்சத்தை மத்தியானத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எலி வரும். தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் தினமும் கழுவ வேண்டும். கடலை, முறுக்கு, மிக்சர் கூடவே கூடாது. காக்கைக்குச் சோறு வைக்கிறவர்கள் இலையை அப்படியே போட்டுவிட்டுப் போகக் கூடாது.

டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா யோசித்தார், யோசித்தார். பிறகு கையைத் தூக்கினார்.

"சரி, மாட்டுங்க டீச்சர். நீங்க மக வீட்டுக்குப் போயிருக்கையில அதுகளுக்கு யாரு வைப்பா? அதையும் சொல்லிக் குடுத்துருங்க, நான் பாத்துக்கிடுதேன்."

ஆக, நான் செயலாளராக இருந்து கொண்டுவந்த விதிகளில் இன்றுவரை ஒழுங்காக நடப்பது இது ஒன்றுதான், அதிலும் நேரம் தவறாமல் நடந்துகொள்வது பறவைகள் மட்டும்தான்.