அண்ணன் கல்லீரலில் கண்ணாடி மணிகள்

என் அண்ணனின் கல்லீரலில் இருந்த கட்டி வெட்டி எடுக்கும் நிலையைத் தாண்டியிருந்தது. மதுரை மருத்துவர் வேறொரு வழி சொன்னார். தொடையிடுக்கில் சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியே கல்லீரல் வரை மெல்லிய குழாயைச் செலுத்தி, கதிர்வீச்சு ஏற்றிய கண்ணாடி மணிகளை உள்ளே விடுவார்களாம். கண்ணுக்கே தெரியாத மணிகள். கட்டியில் போய்த் தங்கி உள்ளிருந்தே சுடுமாம்.

“சொட்டுநீர்ல மருந்து விடுற மாதிரிதானலே,” என்று அண்ணன் சிரித்தார். ஓடைப்பட்டியில் காலமெல்லாம் திராட்சை போட்டவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஒரு வாரம் தனியாகப் படுக்க வேண்டும், கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கம் போகவே கூடாது. வீட்டிலோ அண்ணன் மகள், ஆறு மாதக் கர்ப்பிணி, தகப்பனைப் பார்க்க வந்து தங்கியிருந்தாள். அண்ணனுக்குத் தனி அறையில் கட்டில் போட்டோம்.

பக்கத்துப் பொட்டிப்புரம் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வருகிறது என்று கேட்ட நாளிலிருந்து, கதிர்வீச்சு என்றாலே எங்கள் பக்கம் பயம். டீக்கடையில் ஒருவர், “என்னப்பா, ஒங்க அண்ணன் இருட்டுல மின்னுறாகளாமே?” என்றார்.

“மின்னுனா ஒங்க வீட்டுக்கு ஒரு ஒயரு இழுத்துக்கிருங்க,” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பெஞ்சில் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் தோட்டத்திலிருந்து வந்தேன். அண்ணன் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். அவர் விலாவில் முதுகை ஒட்டியபடி மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே! என்ன காரியம் செய்றீக?”

“கத்தாதலே, பிள்ளை முழிச்சிரும். சோப்புப் போட்டு மூணு தரம் குளிச்சாச்சு. துணியும் மாத்தியாச்சு.”

கொடிக்குப் பூச்சிமருந்து அடித்த நாளில் எங்கள் வழக்கம் அதுதான். குளித்து உடை மாற்றிவிட்டால் பிள்ளைகளைத் தூக்கலாம்.

“அது தோல்ல இல்லண்ணே. உள்ளுக்குள்ள இருக்கு.”

அண்ணன் முகம் வெளிறிப்போனது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எவ்வளவு நேரம், எவ்வளவு நெருக்கம் என்று நர்ஸ் கேட்டார்.

“காலையிலருந்து,” என்றார் அண்ணன். அப்புறம் குரலே எழும்பாமல், “நேத்தும்தான்.”

“டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடுறேன். பயப்படாதீங்க,” என்றார் நர்ஸ். பயப்படாதீங்க என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது.

பேச்சுச் சத்தத்தில் மகள் விழித்துவிட்டாள். அண்ணன் சட்டென்று எழுந்து வாசலைத் தாண்டிப் போய் வெயிலில் நின்றார்.

“எதுக்குப்பா அங்கன போய் நிக்கிறீக?”

அவர் திரும்பவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். கையை வயிற்றின் மேல் வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

“சித்தப்பா, பிள்ளை காலையிலருந்து அசையவே இல்ல. தூங்குது போல.”

போன் இன்னும் அடிக்கவில்லை.