தடிகளைக் கீழே போட்ட எங்கள் வாலிபர்கள்

ஆண்டவரின் பிள்ளைகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சபை வாலிபர்கள் ஒரு மனிதரைப் பிடித்துக்கட்டத் தடிகளோடு கூடினார்கள். அவர்களுக்குத் தலைவன் நான். அந்த நாளை நான் இன்றும் மறக்கவில்லை.

1937-ல் எங்கள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. ஓமலூருக்குப் பக்கத்தில் எங்களுடையது சின்னச் சபை. நான் தையல்காரன். மதுவிலக்கு வந்ததும் எங்கள் வாலிபர்கள் தெருத்தெருவாகப் பாடிப்போனார்கள். குடித்துக் கெட்ட குடும்பங்களில் பிறந்தவர்கள் அவர்கள். அந்தச் சந்தோஷம் எனக்குப் புரிந்தது.

ஆனால் அந்த ஞாயிறு, ஆரோன் என்பவன் மூச்சிரைக்க வந்தான். எங்கள் வாலிபர் சங்கத்தில் அவன் சொல்லுக்குத்தான் எல்லோரும் கிளம்புவார்கள்.

"அண்ணா, நம்ம தாசனோட அய்யன் ஓடைக்காட்டுல சாராயம் காய்ச்ச ஊறல் போட்டிருக்காருங்க. கட்டி இழுத்துட்டு வந்து சபைக்கு முன்னால நிறுத்தோணும். நீங்க முன்னால நடங்க!"

"நடங்கண்ணா!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

அப்போதுதான் வாசலில் எங்கள் சங்கத்துப் பையன் தாசன் நிற்பதைப் பார்த்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். முகம் வெளுத்துப்போய், "நானும் வாரேனுங்க. எங்கய்யன நானே புடிச்சுத் தாரேன்" என்றான்.

என் நெஞ்சு உடைந்தது. பிள்ளையே தகப்பனைக் கட்டி இழுப்பதா? போகலாம் என்றால் என்னைத் தோளில் தூக்குவார்கள். வேண்டாம் என்றால் சங்கமே கலைந்துவிடும். வாலிபர்களை நடத்துகிறவர்களே, நமக்கான கண்ணி இங்கேதான் இருக்கிறது. அவர்கள் நம்மை விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில், அவர்கள் போகும் பக்கமே நாமும் ஓடி, அதற்குத் தலைமை என்று பேர் வைத்துவிடுகிறோம்.

"ஜெபிக்காமல் நான் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டேன்" என்றேன். முணுமுணுத்தார்கள். சிலர் எழுந்து வெளியே போனார்கள். நான் சபைக்குள் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இவர்கள் என்னை விட்டுப் போனாலும் போகட்டும். தாசனுக்கு அவன் தகப்பனைத் திருப்பிக் கொடும்" என்று அழுதேன்.

எழுந்து திரும்பினேன். வெளியே போனவர்களும் எனக்குப் பின்னால் முழங்காலில் இருந்தார்கள்! தடிகள் சுவரோரம் கிடந்தன. ஆரோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோவம் இன்னும் அடங்கலீங்க. ஆனா நீங்க சொல்ற மாதிரி செய்யறேனுங்க" என்றான். ஜெபத்துக்கு முதல் பதில் அதுதான்.

ஆனாலும் தனியாகப் போய்ப் பேர் வாங்க நான் விரும்பவில்லை. சபையின் உபதேசியாரையும் தாசனையும் மட்டும் அழைத்துக்கொண்டு வெறுங்கையோடு ஓடைக்காட்டுக்குப் போனேன். தாசனின் தகப்பன் மாசிலாமணி அரிவாளோடு எழுந்தார்.

"என்னைப் புடிச்சுக் குடுக்க வந்தீங்களாக்கும்?"

நான் வாய் திறக்குமுன் தாசன் முன்னால் போனான்.

"இல்லீங்கய்யா. ஊட்டுக்குச் சாப்பிட வாங்க. நீங்க வராம அம்மா சோத்துல கை வைக்க மாட்டேங்குது."

நானும் உபதேசியாரும் எத்தனை பிரசங்கம் செய்திருந்தாலும் அதற்கு ஈடாகாது. மாசிலாமணி அரிவாளைக் கீழே போட்டார். "குடிக்காம என்னால இருக்க முடியல சாமி" என்று மகனைக் கட்டிக்கொண்டு குலுங்கினார். பிறகு ஊறல் பானைகளை அவரே உதைத்து உடைத்தார்.

அவரை விடாமல் பார்த்துக்கொண்டவர்கள் எங்கள் வாலிபர்கள்தான். முறை போட்டு அவரோடு வயலுக்குப் போனார்கள். இரண்டு தடவை அவர் தவறி மறுபடியும் குடித்துவிட்டார். வாலிபர்கள் அதைத் தெருவில் பேசவில்லை. ஆரோன் அவரைத் தன் ஏருக்குத் துணையாகச் சேர்த்துக்கொண்டான். வெயிலில் இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி குடித்ததைப் பார்த்து என் நெஞ்சு நிமிர்ந்தது.

சில வருஷங்கள் கழித்துத் தாசனுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் மாசிலாமணி ஆரோனின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். "இவன் எனக்கு மூத்த பையனுங்க" என்று எல்லோருக்கும் சொன்னார். இப்போது சங்கத்தை நடத்துகிறவன் ஆரோன். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை!

அன்று கேட்ட தேவன் இன்றும் கேட்கிறார். உங்கள் பிள்ளைகள் கொதித்து நிற்கும்போது பயப்படாதீர்கள். முதலில் நீங்கள் முழங்காலில் நில்லுங்கள். அவர்களை அவர் பார்த்துக்கொள்வார். அவருக்கே ஸ்தோத்திரம்.