படகு எப்போது நிறைகிறது?

யூரிட் ஹவுக்லாண்டுக்கு இடது காது கேட்காது. சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அவளுக்கு எதுவும் பிடிபடாது. உடனே கையைத் தூக்கி இருவரையும் நிறுத்திவிடுவாள். நார்வேயின் பெர்கன் நகரில் அவள் பார்த்துவந்த வேலைக்கு அது நன்றாகவே பொருந்தியது. ஒரு நிறுவனம் புதிய மென்பொருள் வாங்குவதற்கு முன்பு, அதை வைத்து மாரடிக்கப் போகிறவர்களையெல்லாம் ஓர் அறையில் உட்காரவைத்து, அவர்களுக்கு உண்மையில் என்னதான் தேவை என்று வாயைக் கிளறி எடுப்பது அவள் வேலை. அடையாள அட்டையில் பிசினஸ் அனலிஸ்ட் என்று இருக்கும். அவள் கணவன் ஆர்வே மட்டும், "சண்டை விலக்கிவிடப் போறியா இன்னைக்கும்?" என்று கேட்டு வழியனுப்புவான்.

ஓர் இலையுதிர் காலத்தில், தீவுகளுக்குக் கார்களை ஏற்றிச் செல்லும் படகு நிறுவனம் ஒன்று அவளை அழைத்தது. அங்கே ஏற்கெனவே ஒரு மென்பொருள் இருந்தது. முந்தைய குளிர்காலத்தில் ஒரு மாலை, பிரசவ வலியெடுத்த பெண்ணைக் கணவன் தீவின் படகுத்துறைக்குக் காரில் கொண்டுவந்தபோது, அது 'நிறைந்தது' என்று காட்டித் தடுப்புக் கம்பியைத் திறக்க மறுத்தது. படகோ இடம் காலியாக இருக்கக் கிளம்பிப் போய்விட்டது. காரின் பின்னிருக்கையில் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஆனால் கேப்டன் ஓட்வார், முன்பதிவு அலுவலகத் தலைவி குன்வோரை எல்லார் முன்னிலையிலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மேலாளர் ஐவின்ட் அவசரக்காரர். "மதியத்துக்குள்ள முடிச்சிருங்க. என்ன வேணும்னு நானே எழுதிவச்சிருக்கேன்."

"போன தடவையும் நீங்க எழுதினதைத்தானே செஞ்சாங்க?" என்றாள் யூரிட்.

அவர் முகம் சிவந்தது.

"கோவிச்சுக்காதீங்க. மத்தியானம் வரைக்கும் நீங்க உள்ள வர வேண்டாம். நீங்க இருந்தா எல்லாரும் உங்க முகத்தைப் பாத்துத்தான் தலையாட்டுவாங்க."

முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டார்.

படகுத்துறை உணவகத்தில் எல்லாரும் கூடினார்கள். காலை வீணாகிக்கொண்டிருந்தது. ஓட்வார் கையைக் கட்டிக்கொண்டு, "ஓட்டுறவன ஓட்ட விடுங்கம்மா. என் தேவை அவ்வளவுதான்" என்றார். குன்வோர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் அப்பங்கள் ஆறிப்போயின.

யூரிட் ஆளுக்கொரு அட்டை கொடுத்தாள். "பேச வேண்டாம். படகு நிறைஞ்சுடுச்சுன்னு நீங்க எப்போ சொல்வீங்க? எழுதுங்க."

அட்டைகளைச் சுவரில் ஒட்டிப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பதிவான கார்களின் எண்ணிக்கை முடிந்தால் என்று குன்வோர் எழுதியிருந்தாள். எடை எல்லையைத் தொட்டால் என்று ஓட்வார். கடைசிக் காருக்குப் பின்னால் இடமில்லாவிட்டால் என்று, படகின் தளத்தில் கார்களை வரிசைப்படுத்தும் ஈடார்.

"இதான்! இந்தக் கணக்குலதான் கம்பிய மூடினே!" என்று ஓட்வார் எழுந்தார்.

"நான் மூடினேனா? மெஷின் மூடிச்சு!" குன்வோரும் எழுந்துவிட்டாள்.

யூரிட் கையைத் தூக்கினாள். "எனக்கு ஒரு காதுதான். ஒவ்வொருத்தரா!"

பிறகு தரையில் நாடா ஒட்டிப் படகின் தளத்தை வரைந்தாள். நாற்காலிகள் கார்களாயின. "அந்தச் சாயங்காலம் மாதிரியே கார்களை மறுபடி ஏத்துவோம். யாரு தப்புன்னு பேச்சே வேண்டாம். அப்போ உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதோ, அத மட்டும் சொல்லுங்க."

ஈடார் நாற்காலிகளை அடுக்கினான். நடுவில் ஓர் இடைவெளி. "பதிவு பண்ணின ஒரு பெரிய கேம்பர் வேன் வரவே இல்ல. மெஷின்ல மட்டும் அது நின்னுக்கிட்டே இருந்துச்சு."

"காலியா இருக்குன்னு யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள் யூரிட்.

"யார்கிட்ட சொல்றது? கம்பியத் திறக்கிற பட்டன் ஆபீஸ்ல இருக்கு."

"ஆபீஸ் பூட்டியிருந்துச்சு" என்றாள் குன்வோர். "நான் வீட்டுல உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தேன்."

ஓட்வார் அவளையே பார்த்தார். "நீ உள்ள இருந்துக்கிட்டே திறக்கலன்னுல்ல நெனச்சேன். சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல விட்டியா நீ?"

அவர் தொண்டையைச் செருமினார். "நான் கத்தியிருக்கக் கூடாது."

 குன்வோர் ஒரு நாற்காலியை இழுத்து அந்த இடைவெளியில் போட்டாள். "அவசரத்துக்கு ஒரு இடம். கடைசி நிமிஷம் வரைக்கும் யாருக்கும் விக்கக் கூடாது. பட்டன் ஈடார் கையில." ஓட்வார் தலையசைத்தார். யூரிட் அதையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

மதியம் உள்ளே வந்த ஐவின்ட், சுவரில் இருந்ததைப் படித்துவிட்டுக் கொதித்தார். "காலியா ஓட்டுறதுக்கா கம்பெனி நடத்துறோம்? இந்த ஒண்ணை எடுத்துட்டு மென்பொருள்காரங்களுக்கு அனுப்புங்க."

யூரிட் குன்வோரைப் பார்த்தாள். குன்வோர் நிமிர்ந்தாள். "மறுநாள் அந்தப் பொண்ணோட புருஷன் போன்ல அழுதான். பதில் சொன்னது நான். அடுத்த தடவை நீங்க சொல்லுங்க, ஐவின்ட்."

"அத எடுத்தா என் பேர்ல அறிக்கை போகாது" என்றாள் யூரிட். "வேற ஆளைப் பாத்துக்கோங்க."

ஐவின்ட் காப்பிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், மாலைப் படகுகளில் மட்டும் என்று இறங்கிவந்தார். யூரிட்டுக்கு அது பாதி வெற்றிதான். ஆனாலும் அதைக் காரணத்தோடு எழுதி, அவர் வாயாலேயே எல்லாருக்கும் கேட்கும்படி படிக்கவைத்தாள்.

வசந்தத்தில் புதிய மென்பொருள் வந்தது. முதல் வாரமே நீளமான இழுவை வண்டிகளின் கணக்கைக் குளறுபடி செய்தது. யூரிட் மறுபடி நாடாவோடு போனாள். இம்முறை நாற்காலிகளைத் தள்ளியது ஓட்வார். அவரும் குன்வோரும் சிநேகிதமாகிவிடவில்லை. ஆனால் வயர்லெஸ்ஸில், "இடம் இருக்கா?" "இருக்கு" என்கிற அளவுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. பகல் படகுகளுக்கும் ஓர் இடம் வேண்டுமென்று இருவரும் சேர்ந்து ஐவின்ட்டை நச்சரிப்பதாக ஈடார் சொன்னான்.

அடுத்த திங்கட்கிழமை யூரிட் ஒரு மீன்தீவனத் தொழிற்சாலையில் இருந்தாள். அங்கேயும் யாரும் வாய் திறக்கவில்லை. அவள் அட்டைகளை எடுத்து விநியோகிக்க ஆரம்பித்தாள்.