பீரோவில் பூட்டிய அத்தை

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிற சார் ஒருவர் வந்து ஒரு தாளை நீட்டினார். "இதை மட்டும் மூணு காப்பி அடிச்சுத் தர முடியுமாம்மா?"

பதினொரு விதிகள். விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனில் மாதம் ஒரு பகுதியாக வெளிவந்த நாவலை, அதே கணக்கில் மாதம் ஒரு பகுதியாகக் கூடிப் படிக்க வேண்டும். அடுத்த பகுதியில் ஒரு வரியைக்கூட யாரும் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. ஏழாவது விதி, 'பெண்கள் வந்தால் தனி நாற்காலி போடப்படும்.' எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"வந்தால்னா என்ன சார், வந்தால்னா? நாங்க என்ன புயலா?"

பாவம், மனிதர் பயந்துபோய், "நீங்களே வாங்களேன்" என்றார். வீம்புக்குத்தான் போனேன். இங்கிலீஷ் நாவல் மேல் எனக்கு அப்போது ஒரு ஆசையும் கிடையாது.

கூட்டம் நடந்தது ராஜபாளையத்திலேயே ஒரு குடைக்கடை மாடியில். கடைக்காரர் பாய், ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் அகலமான பச்சை பெல்ட், அதில் ஒரு சாவி. மழையே பெய்யாத ஊரில் முப்பது வருஷமாகக் குடை விற்கிறவருக்குப் பொறுமை எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆள் மம்சாபுரத்துக்காரர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வந்து படியில் நின்று, பத்துக்கு உள்ளே வருவார். சார் ஒரு பத்தி ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்வார். பாய் டீ வரவழைப்பார். எனக்குத் தனி நாற்காலி. அதில் உட்காராமல் எல்லோரோடும் ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன்.

புத்தகம் ஒன்றே ஒன்றுதான். மதுரையில் பழைய புத்தகக் கடையில் சார் வாங்கியது, தலையணை தண்டிக்கு இருந்தது. லண்டனில் பத்தொன்பது பகுதியாக வந்ததாம். அதனால் பஞ்சுக் கடைகளுக்குப் பேரேடு தைக்கிற பைண்டரிடம் கொடுத்து, "இத பத்தொம்போதாப் பிரிச்சுத் தாங்க" என்று சொல்லிவிட்டு சார் கல்லூரிக்குப் போய்விட்டார். பைண்டருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஸ்கேலை வைத்து மொத்தப் பருமனை அளந்தார், பத்தொன்பதால் வகுத்தார், வெட்டிவிட்டார். அத்தியாயமாவது ஒன்றாவது! "எல்லாம் ஒரே தண்டி சார், ஒரு பக்கம் கூடக் குறைய இருந்தா என்னக் கேளுங்க" என்று பெருமை வேறு.

முதல் பகுதி இப்படி முடிந்தது. 'அவள் கதவைத் திறந்தாள். வாசலில்'. அவ்வளவுதான். சார் தலையில் கை வைத்துக்கொண்டார். பாய்க்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"வெள்ளக்காரன் வெவரமானவன் சார்! எந்த எடத்துல நிறுத்துதான் பாத்தியளா? அடுத்த மாசம் வரைக்கும் நமக்குச் சோறு எறங்குமா?"

உண்மையைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. பன்னிரண்டாவதாக ஒரு விதி சேர்ந்தது. அறுந்து நிற்கிற வாக்கியத்தை ஒவ்வொருவரும் தன் ஊகத்தால் முடித்துச் சொல்ல வேண்டும். "வாசல்ல போலீஸ்" என்றார் சுபேதார். "அத்தக்காரி" என்றார் பாய். "பால்காரன்" என்றேன் நான். ஒரு மாதம் காத்திருந்து இரண்டாம் பகுதியைத் திறந்தால், 'மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.' "அட, இதுக்கா ஒரு மாசம்!" என்று பாய் எழுந்து நின்றுவிட்டார். ஆனாலும் லண்டனில் அவ்வளவு மழை பெய்தும் ஒருத்தனும் நல்ல குடையாக வாங்கவில்லையே என்கிற ஆதங்கம்தான் அவருக்குக் கடைசிவரை பெரிதாக இருந்தது.

கதை இதுதான். கையுறை தைத்துப் பிழைக்கிற ஒரு பெண். வெளிநாடு போன அவளுடைய காதலன் மாதாமாதம் கடிதம் போடுகிறான். அப்பாவின் தங்கை, அதாவது அத்தை, ஒவ்வொரு கடிதத்தையும் வாங்கித் தேயிலைப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, "அவன் ஒன்ன மறந்துட்டான் கண்ணு" என்று தலையைத் தடவுகிறாள். பாய்க்கு அந்த அத்தையைக் கண்டாலே ஆகாது. "அவ மட்டும் எங் கடைக்கு வரட்டும், ஓட்டக் குடையாப் பாத்துக் குடுக்கேன்" என்பார். தேயிலைப் பெட்டி என்ற சொல் வந்தாலே சாவியைப் பிடித்துக்கொள்வார். மீதிப் பகுதிகள் அவருடைய பீரோவில் பூட்டியிருந்தன, அந்தப் பீரோச் சாவிதான் பெல்ட்டில் தொங்கியது.

பன்னிரண்டாம் பகுதி முடிந்த சமயத்தில் பாய்க்குத் தீராத வயிற்றுவலி. பித்தப்பையில் கல், மதுரையில் ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுபேதார் கேட்டுவிட்டு, "ஆர்மி ஆஸ்பத்திரியில சின்னதுன்னு சொன்னதெல்லாம் எம்புட்டுப் பாத்திருக்கேன்" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

பாய் இல்லாமல் நாங்கள் மூன்று பேரும் அவசரக் கூட்டம் போட்டோம். முடிவு தெரியாமலே அவரை அனுப்புவதா? விதியைத் திருத்த வேண்டும் என்றார் சார். நான்தான் டைப் அடித்தேன், 'உறுப்பினர் எவரேனும் அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும்பட்சத்தில், கதையின் முடிவை அறிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு.' மூன்று காப்பி. கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன, இப்பவே எனக்கு ஃபாத்திஹா ஓதிட்டியளா? கல்ல எடுத்துட்டு வாரேன், அம்புட்டுத்தானே? அந்த அத்தக்காரி மாட்டுறத முறைப்படி பத்தொம்போதாம் மாசம் கேப்பேன், போங்க!"

மூன்று காப்பியையும் கிழித்துப் போட்டார். பிறகு பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இது ஒங்கிட்ட இருக்கட்டும்மா. சாருக்கு ஆர்வம் ஜாஸ்தி. மிலிட்டரிக்காரரு வெறப்பாத்தான் இருப்பாரு, கெஞ்சுனா எளகிருவாரு. நீதான் வாயாடி. எவன் வந்து கேட்டாலும் திட்டி வெரட்டிருவ."

வியாழக்கிழமை மதுரைக்குப் போனார். திங்கட்கிழமை ஆபரேஷன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மில் வாசலில் சாரும் சுபேதாரும் நின்றார்கள். பீரோவில் பூச்சி அரிக்கிறதோ என்று சந்தேகமாம், பாச்சா உருண்டை வாங்கி வந்திருக்கிறார்களாம். சாரின் உள்ளங்கையில் நிஜமாகவே நாலு உருண்டை. விரட்டியிருக்க வேண்டுமா இல்லையா? நான் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்தேன். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த பாயின் தம்பி எதுவும் கேட்கவில்லை, எங்களுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

உருண்டையைப் போட்டோம். போட்ட கையோடு சார் பத்தொன்பதாம் பகுதியை எடுத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் வாசித்தார். அத்தை மாட்டவே இல்லை. தேயிலைப் பெட்டியை யாரும் நகர்த்தவில்லை. அவள் தன் கட்டிலில் நிம்மதியாகச் செத்தாள், ஊரே திரண்டு வந்து அழுதது, அந்தப் பெண்ணே பூங்கொத்து வைத்துக் கும்பிட்டாள். சுபேதார் ஹிந்தியில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். "பாய்க்குத் தெரியவே கூடாது" என்று சார் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாய் திரும்பி வந்தார்! எடுத்த கற்களை ஒரு மருந்துப் புட்டியில் போட்டுக் கொண்டுவந்து, குடை வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நான் சாவியைக் கொடுத்தபோது, பீரோப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மிச்சம் ஏழு மாதம். அப்படி ஒரு நரகத்தை நான் பார்த்ததில்லை. "இந்த மாசம் மாட்டிருவா பாருங்க" என்று பாய் கையைத் தேய்ப்பார். சார் நடிக்கத் தெரியாமல், ஒரு வரியை வாசிக்கும் முன்பே "அடடா!" என்று ஆச்சரியப்படுவார். ஊகம் சொல்கிற நேரம் வந்தால் சுபேதாருக்கு அவசரமாக ஒன்றுக்கு வரும். நானோ, நாலு பேர் பேச வேண்டியதை ஒருத்தியே பேசுகிறவள், டீத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாய் மட்டும் வாக்கியத்தை முடித்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார்.

பத்தொன்பதாம் பகுதி. அத்தை செத்தாள், ஊர் அழுதது, பெண் பூங்கொத்து வைத்தாள். சார் மூடி வைத்தார். பாய் குதிப்பார், புத்தகத்தைத் தெருவில் எறிவார் என்று நினைத்தேன். அவர் டீயைத் தட்டில் ஊற்றி, ஊதி, முழுசும் குடித்தார்.

"எப்பப் படிச்சிய?"

சார், "பாய், அது வந்து..." என்று இழுத்தார். சுபேதார் விட்டத்தைப் பார்த்தார். பாய் என்னைத்தான் பார்த்தார்.

"ஆபரேசன் நடக்கும்போதா? அப்படின்னா தப்பில்லம்மா. அந்த நேரத்துல மனசு எங்கயாவது நிக்கணும்ல."

நாங்கள் தப்பித்துக்கொள்ள அவரே வழி விடுகிறார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். எங்களுக்குக் கதையின் முடிவு வேண்டியிருக்கவில்லை. பாய் திரும்பி வர மாட்டார், இனிமேல் அந்த மாடியில் கூட்டமே இருக்காது என்று நாங்களே முடிவு கட்டியதால்தான் பீரோவைத் திறந்தோம். அதை மறைத்து இன்னொரு நிமிஷம் அந்த மனிதர் முன்னால் உட்கார என்னால் ஆகாது.

"இல்ல பாய். அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே."

பாய் விரலை மடக்கி எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"வெள்ளிக்கிழமையா? அன்னைக்கு நான் டாக்டருக்குத் தெரியாம ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல நின்னு பரோட்டா தின்னுட்டு இருந்தேனேம்மா" என்றார்.