சோலையப்பன் காட்டிய கடைசிப் பேய்ப்படம்

எந்தப் பேய்ப்படம் அதிகம் பயங்காட்டியது என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கள் ஊர் காஜா பேராங்கில் அதை அளக்க எங்களுக்கு ஒரு வழி இருந்தது. படம் முடிந்து சனம் போனபிறகு பெஞ்சுக்கு அடியில் எத்தனை செருப்பு கிடக்கிறது என்று பார்ப்போம். பயத்தில் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டவர்கள் கடைசியில் ஓடுகிற ஓட்டத்தில் விட்டுப்போனவை அவை. ஆறேழு கிடந்தால் சுமாரான பேய். இருபதைத் தாண்டினால் ஒரு வாரம் ஊரில் அதே பேச்சுதான்.

அந்தச் செருப்புகளைப் பொறுக்கி வாசலில் அடுக்கி வைப்பவர் சோலையப்பன். சனத்தை அப்படி ஓட வைத்தவரும் அவர்தான். எங்கள் கொட்டகைக்கு வந்ததெல்லாம் இந்திப் படமோ சீனப் படமோதான், பேசுவது ஒருவருக்கும் புரியாது. சோலையப்பன் கையில் ஒரு தகரக் குழலோடு திரைக்குப் பக்கத்தில் நின்று கதையைத் தமிழில் சொல்லுவார். ஒரு கால் சூம்பிப்போனவர், கம்பு ஊன்றி நடப்பார். பகலில் பார்த்தால் கோழிகூடப் பயப்படாது. குழலை வாயில் வைத்துவிட்டாலோ, திரையில் வருகிற பேய் வெறும் வெள்ளைத்துணியாகத் தெரியும், பேய் அவர்தான் என்று தோன்றும்.

பேய்ப்படம் என்றால் அவருக்குச் சில முறைகள் உண்டு. காலையில் மாட்டுவண்டியில் தப்படித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். நெஞ்சுரம் இல்லாதவன் வராதே, பெண்டு பிள்ளைகள் வரவே கூடாது, ஆம்பிளை என்றால் வா என்று கூவுவார். அதைக் கேட்ட பிறகு எவன் வீட்டில் இருப்பான்? அடுத்தது கதவு. பேய் எழுந்து வரும் நேரம் பார்த்து வாசல்காரன் வெளியிலிருந்து கதவைச் சாத்தி இரும்புப் பட்டையைப் போடுவான். அந்தச் சத்தம் கேட்டதும் கொட்டகையே கத்தும், உடனே சிரிக்கும். பிறகு பேய் எங்களில் யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிடும். பெரும்பாலும் என் அண்ணன் மருதமுத்துவைத்தான். அண்ணன் எப்போதும் முதல் பெஞ்சு. எழுந்து நின்று பேயோடு சரிக்குச் சரி வாயாடுவான். அவன் வாயாடுவதைக் கேட்கவே பாதிப் பேர் வருவார்கள்.

நான் அப்படியில்லை. இருபத்திரண்டு வயதிலும் சோலையப்பன் சொன்னதெல்லாம் எனக்கு நிஜம். சுவரோரமாக ஒண்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். தேவதாஸ் வந்துவிட்டான், இன்றைக்குப் பேய்க்குச் சாப்பாடு ஆயிற்று என்று கேலி செய்வார்கள். ஊருக்கே தெரிந்த பயந்தாங்கொள்ளி நான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் வந்தான். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. அடுத்த வருடம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். முதலில் நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டிப்போனார்கள். போனவன் ஒருவனும் கடுதாசி போடவில்லை. அதன்பிறகு லோரி சத்தம் கேட்டாலே ஆண்கள் கொல்லைப்பக்கம் ஓடினார்கள். குருபோங் பக்கம் ரப்பர்க் காட்டில் போய்ப் படுத்தவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட நேரத்தில், மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கொட்டகையைத் திறக்கப்போவதாகச் செய்தி வந்தது. ஜப்பான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவன் வந்து சோலையப்பனிடம் சொன்னான். மத்தியானம் மூன்று மணிக்கு இலவசக் காட்சி, நல்ல பேய்ப்படமாகப் போடு, ஆண்கள் மட்டும் வரட்டும். சந்தேகப்பட அதில் என்ன இருந்தது? பத்து வருடமாக அவர் கூவிக்கொண்டிருந்ததே அதுதான். தப்பை எடுத்துக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பினார். எங்கள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, முதல் பெஞ்சை உனக்குத்தான் வைத்திருக்கிறேன் மருதமுத்து என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணி கண்ணம்மா அப்போது ஐந்து மாதம். போக வேண்டாம் என்றாள். அண்ணன் சிரித்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

நூறு பேருக்குமேல் இருக்கும். கிழங்கு தின்று வற்றிய முகங்கள், ஆனாலும் அன்று எல்லாருக்கும் சிரிப்பு. பெரும்பாலும் மரச்செருப்பு, நல்ல செருப்பு எவனிடம் இருந்தது. படம் பழசு. சமாதியிலிருந்து ஒரு பெண் எழுந்து வருவாள். சோலையப்பன் அன்று வெளுத்து வாங்கினார். பாதியில், வெற்றிலை எச்சில் துப்பத் திரைக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து வெளியே போனார். அவர் திரும்பி வருவதற்குள் வாசலில் இரும்புப் பட்டை விழுந்தது. கொட்டகை வழக்கம்போல் கத்திச் சிரித்தது.

அவர் கம்பை ஊன்றி விரைந்து உள்ளே வந்து குழலை எடுத்தார்.

"இது கதை இல்ல. சத்தியமாக் கதை இல்ல. வெளிய லோரி நிக்குது, சிப்பாய் நிக்கிறான். சயாமுக்குப் பிடிக்க வந்திருக்கான். திரைக்குப் பின்னால கதவு இருக்கு, எந்திரிச்சு வாங்க."

கொட்டகை அதிர்ந்தது. இப்படி ஒரு பேயை அவர்கள் பார்த்ததே இல்லை. சீட்டியடித்தார்கள். சோலையப்பன் இன்னும் சத்தமாகச் சொன்னார், அவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். கடைசியில், மருதமுத்து, உன்னைத்தான் சொல்றேன், வா என்று அழுதுகொண்டே கூப்பிட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டதுதான் காரியத்தைக் கெடுத்தது. அண்ணன் எழுந்து நின்று கை தட்டினான்.

"சயாமுக்கு நீயும் கூட வா லா, பேயே."

நான் ஒருவன்தான் நம்பினேன். அவர் சொன்ன எதை நான் நம்பாமல் இருந்தேன், இதை நம்பாமல் போக? சுவரோரமாகவே ஓடினேன். முதல் பெஞ்சைத் தாண்டித்தான் போகவேண்டும். அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். நான் அவனைத் தொடவில்லை, கூப்பிடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. சோலையப்பன் கம்பைத் தள்ளி எனக்கு வழி விட்டார். கொல்லை வேலியைத் தாண்டி நான் விழுந்தபோது இரண்டு சிப்பாய்கள் அந்தச் சின்னக் கதவுக்கு வந்துவிட்டார்கள்.

நொண்டிக்காலன் ரயில் வேலைக்கு ஆகமாட்டான் என்று சோலையப்பனை மட்டும் விட்டுவிட்டார்கள். மறுநாள் அவர் கொட்டகைக்குள் கிடந்த செருப்புகளை எல்லாம் பொறுக்கி வாசலில் அடுக்கி வைத்தார். பெண்கள் வந்து தங்கள் வீட்டுச் செருப்பைத் தேடினார்கள். அண்ணி அண்ணனுடைய மரச்செருப்பில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதைத் தூக்கி அவர் முகத்தில் எறிந்தாள். அவர் குனிந்து எடுத்து, மண்ணைத் துடைத்து, அவளிடமே கொடுத்தார். ஆள்காட்டி என்று ஊர் அவர் வீட்டு முன்னால் மண்ணை வாரித் தூற்றியது.

நான் அங்கேதான் நின்றேன். அண்ணி என்னைக் கேட்டபோது, பயமாக இருந்தது, நான் உள்ளேயே போகவில்லை என்று முன்பே சொல்லிவிட்டிருந்தேன். நான் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? அவர் கூவிக் கூவி எச்சரித்தார் என்று இப்போது வாயைத் திறந்தால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாள். அப்புறம், உன் அண்ணனை ஏன் இழுத்து வரவில்லை என்றும் கேட்பாள். சோலையப்பன் கூட்டத்தில் என்னைப் பார்த்தார். இவன் உள்ளே இருந்தான், இவனைக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை.

அடுத்த மாதம் கிராணி இன்னொரு காட்சிக்குக் கூவச் சொல்லி வந்தான். சோலையப்பன் உள்ளே போய் வெற்றிலைச் சுண்ணாம்பை வழித்து விழுங்கிவிட்டார் என்று அவர் மனைவி பூங்காவனம் பின்னால் சொன்னாள். கூவக் குரல் இல்லை என்று தெரிந்ததும் சிப்பாய்கள் நன்றாக அடித்துப்போட்டுப் போனார்கள். அந்தக் குரல் பிறகு திரும்பவே இல்லை. மிச்சக் காலமெல்லாம் காற்றுப் போலத்தான் பேசினார். காஜா பேராங்கில் இருக்க முடியாமல் கிளேபாங்குக்குப் போய், கடற்கரையில் கிழங்கு அவித்து விற்றார். கூவி விற்க முடியாது, வருகிறவன் வந்தால்தான் உண்டு.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்கள் ஏழு பேர், எல்லாரும் அந்தக் காட்சிக்கு முன்பே பிடிபட்டவர்கள். அண்ணன் அவர்களில் இல்லை. வயிற்றுக்கடுப்பில் போய்விட்டதாக ஒருவன் சொன்னான்.

ஒரே ஒரு முறை கிளேபாங்கில் அவரைப் போய்ப் பார்த்தேன். வைவார் என்று நினைத்தேன், வைதால் தேவலை என்றும் இருந்தது. அவர் இலையில் கிழங்கை வைத்துக் கொடுத்துவிட்டு, தன் வாயருகே என்னைக் குனியச் சொன்னார்.

"உங்கண்ணன் கொஞ்சமாச்சும் பயந்தானா, தம்பி?"

"இல்லண்ணே. கை தட்டினான்."

தலையை ஆட்டினார். "நல்லாத்தான் சொல்லிப் பழக்கிட்டேன்" என்றார்.

சண்டை முடிந்து ஆறு வருடம் கழித்து அவர் செத்துப்போனார். செய்தி வந்தபோது அண்ணி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். செத்தொழியட்டும் என்றாள். பக்கத்தில் அண்ணனை அப்படியே உரித்து வைத்த பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியதை, அண்ணன் சிரித்ததை, நான் தாண்டிப் போனதை. அழுதுகொண்டே சொன்னேன்.

அண்ணி கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத அவரு உசுரோட இருக்கும்போது சொல்லிருக்கலாம்" என்றாள்.

பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கிளேபாங்குக்குக் கிளம்பினாள். என்னை வா என்று கூப்பிடவில்லை.