தங்கையின் தும்மல்

ஆலை வாசலில் இருபது வருடம் பைகளைத் துழாவிய காவலாளி அவர்; மனைவியின் பையைக்கூடச் சும்மா விட்டதில்லை. தங்கை தந்த சிறுநீரகத்தை அவருக்குப் பொருத்திய மருத்துவர் சொன்னார்: "உங்க உடம்பும் உங்களை மாதிரிதான். நல்லதைக்கூடத் திருடன்னு நினைச்சுத் தாக்கும். அதை அடக்கத்தான் இந்த மாத்திரை."

"காவலை அடக்கிட்டா கிருமி உள்ள வந்துடாதா?"

"சுலபமா வரும். நீங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

அடுத்த மாதம் பார்க்க வந்த தங்கை படியேறும்போதே தும்மினாள். அவர் கதவைப் பாதியில் பிடித்துக்கொண்டார்.

"சளியா?"

"தூசிண்ணா."

"மூக்கு ஏன் சிவந்திருக்கு?"

"கிட்னி குடுத்தவளையே வாசல்ல நிறுத்துறியே, நல்லாருக்கா?"

"அதைக் காப்பாத்தத்தாம்மா நிறுத்துறேன்."

கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்தார். "எட்ட உக்காந்து பேசு. பையில என்ன இருக்கு?"