எப்போது வருவாய் என்று கேட்பவர்களுக்கு

ஊரிலிருந்து யார் ஃபோன் செய்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை. "எப்போ வர்றே?" லீவுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டால் பரவாயில்லை, அதற்குப் பதில் இருக்கிறது. அவர்கள் கேட்பது அதை அல்ல. மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஒரேயடியாக எப்போது வருகிறாய் என்பதுதான் கேள்வி. வரமாட்டேன் என்று சொன்னால் லைன் கட்டானதுபோல் எதிர்முனை அமைதியாகிவிடும். பிறகு, "அப்டி அல்லாம் சொல்லாதம்மா" என்பார்கள், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போல.

எனக்கு இதில் கோபம் உண்டு. மறைப்பானேன்? அடையாறிலிருந்து ஒரு பையன் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனால் அவனிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அவன் அங்கே வீடு வாங்கினால் இங்கே ஸ்வீட் கொடுக்கிறார்கள். திருவொற்றியூரிலிருந்து டிரெய்லர் ஓட்டுபவரின் மகள் போனால் மட்டும் அது ஊரை மறப்பது, அப்பா அம்மாவை அம்போவென்று விடுவது. நாங்கள் மட்டும் இந்த மண்ணுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோமா என்ன?

நான் இப்போது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சியின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். இங்கேதான் இருக்கப் போகிறேன். இந்த முடிவை யாரும் எனக்காக எடுக்கவில்லை. அதை எப்படிச் சொன்னேன், யார் முன்னால் சொன்னேன் என்பதை மட்டும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

பிளஸ் டூவில் நான் நர்சிங் குரூப். வெளிநாடு போகவேண்டும் என்று எப்போது முடிவு செய்தேன் என்று கேட்டால் தெரியாது. எங்கள் தெருவில் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் துறைமுகத்து ஆட்கள். உலகத்தில் இருக்கிற எல்லா ஊர்ப் பெயரையும் மேலே எழுதிக்கொண்டு கன்டெய்னர் பெட்டிகள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும். பெட்டி போகும், நாங்கள் போகமாட்டோம். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

நைனா முதலில் என்னை அண்ணா நகரில் ஏசி போட்ட ஒரு ஆபீசுக்கு அழைத்துப் போனார். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு ஆள் அனுப்புகிற இடம். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் எதிரில் உட்கார்ந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று ஹோட்டல் சர்வர் பலகாரம் சொல்வதைப் போல அடுக்கினாள். அப்புறம் என்னைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள்.

"ஃபாதர் என்ன பண்றாரு?"

"டிரெய்லர் ஓட்டறாரு."

"லாஜிஸ்டிக்ஸ்ல இருக்காருன்னு சொல்லிக்கலாம். ஏரியா?"

"திருவொத்தியூரு."

"சென்னைன்னு மட்டும் சொன்னா போதும்."

நைனா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைப் போல அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவள் குரலைத் தாழ்த்தி, விசாவுக்கு எழுதும்போது படித்து முடித்ததும் இந்தியா திரும்பிவிடுவேன் என்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்றாள். அங்கே போன பிறகு நிரந்தரமாகத் தங்குகிற வழியை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். அதற்கெல்லாம் அவள் சொன்ன தொகைக்கு நாங்கள் இருந்த வீட்டையும் பக்கத்து வீட்டையும் சேர்த்து விற்க வேண்டும். இரண்டுமே எங்களுடையது இல்லை.

திரும்பி வரும்போது பஸ் தண்டையார்பேட்டை வந்ததும்தான் நைனா வாயைத் திறந்தார்.

"பேஜாரு புடிச்ச எடம். இருக்கற வூட்ட மறைக்கணும், செய்யற வேலைய மறைக்கணும், மன்சுல கீறதையும் மறைக்கணும். அப்போ போறது யாரு? நீயா, வேற எவளாவதா?"

அடுத்த வழியைக் கொண்டுவந்தது அத்தை. நைனாவின் அக்கா, ராயபுரத்தில் இருப்பவர். அவருக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் கனடாவில் இருந்தான். "பையனுக்கு பிஆர் கீது, அங்கியே தங்கற பர்மிட்டு. உனுக்கு பதினெட்டு முடியட்டும், பேசி வெச்சுக்கலாம். பரிட்சையும் வாணாம், இன்டர்வியூவும் வாணாம். தாலிய கட்டிகினு ஏரோப்ளேன்ல ஏற வேண்டிதுதான்."

"பிஆரக் கட்டிகினு குடித்தனம் பண்ண முடியுமா அத்தை?" என்றேன்.

"வாயப் பாரு வாய" என்று என் தோளில் ஒன்று வைத்தார். அம்மா சிரிக்கவில்லை. அம்மாவுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். மகள் தனியாகப் போவதைவிட ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு போவது அவருக்குக் கொஞ்சம் தூக்கம் தரும். எனக்கு வேண்டியது என் பெயரில், என் படிப்புக்கு, என் கைக்கு வருகிற விசா. இன்னொருவன் பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதற்கு நான் ஏன் உயிரைக் கொடுத்துப் படித்தேன்?

எனக்கு முன்னால் அதே பள்ளியில் அதே குரூப்பில் படித்த ஒரு அக்கா ஜெர்மனியில் இருந்தாள். அவள்தான் ஃபோனில் விளக்கினாள். ஆஸ்பத்திரியிலேயே மூன்று வருடம் பயிற்சி. கட்டணம் கிடையாது, படிக்கும்போதே சம்பளம். ஆனால் அவர்கள் மொழியைப் படித்துப் பரீட்சையில் தேற வேண்டும். முடித்த பிறகு அங்கேயே வேலை, சில வருடங்களில் நிரந்தரமாகத் தங்க அனுமதி. "இங்க ஆளு பத்தல. எப்ப போவேன்னு கேக்கமாட்டாங்க, இருப்பியான்னுதான் கேப்பாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. எதையும் மறைக்காமல் போகிற வழி ஒன்று இருந்தது.

அம்மாவின் காதில் மட்டும் மூன்று வருடம் என்பதுதான் விழுந்தது. மசாலா பாக்கெட் போடும் கம்பெனியில் கூட வேலை செய்பவர்களிடமும் தெருவிலும் "மூணே வருசம், சர்ருனு ஓடிடும், வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. அம்மா அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

மொழியை ஃபோனில் வகுப்பு கேட்டுப் படித்தேன். இலக்கணம் எப்படியோ மண்டையில் ஏறியது. பேசிப் பழகத்தான் ஆள் இல்லை. ஒரே அறை வீடு. நான் ஜெர்மனில் பேச ஆரம்பித்தால் அம்மா காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்ப்பதைப் போலப் பார்ப்பார். கடைசியில் பேச ஆள் கிடைத்த இடம் எண்ணூர் விரைவுச்சாலை.

துறைமுகத்துக்குள் போக டிரெய்லர்கள் அங்கே வரிசையில் நிற்கும். சில நாள் காலையில் நின்ற வண்டி மறுநாள் காலையிலும் அங்கேதான் இருக்கும். ஒரு பக்கம் கடலும் கருங்கல்லும், இன்னொரு பக்கம் பெட்டி ஏற்றிய வண்டிகள். டிரைவர்கள் வண்டி நிழலில் சமைப்பார்கள், சீட்டாடுவார்கள், அரசாங்கத்தைத் திட்டுவார்கள். நைனாவுக்குக் கேரியரில் சாப்பாடு கொண்டு போகும்போது கேபினில் உட்கார்ந்து நான் வாய்விட்டுப் பழகுவேன். ஒருநாள் வியாசர்பாடிக்காரர் ஒருவர், பெரிய மீசை, எட்டிப் பார்த்து "பாப்பா யாரத் திட்டுது?" என்று கேட்டார். இன்டர்வியூவுக்குப் படிக்கிறேன் என்றதும் "அப்ப கேள்வி கேக்க ஆள் வாணாமா?" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பேன், அவர் லாரிக்கு வழி சொல்வதைப் போலக் கத்திக் கேட்பார். அவர் கேட்ட ஜெர்மன் எர்ணாவூர் தாண்டினால் யாருக்கும் புரியாது. ஆனால் நான் பயமில்லாமல் பேசக் கற்றது அவரிடம்தான்.

கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான். பயிற்சி முடிந்த பிறகு என்ன செய்வீர்கள்? "இஷ் கொம்மெ ட்ஸுரூக்" என்பேன். முதல் நாளே நைனா அர்த்தம் கேட்டார். திரும்பி வருவேன் என்று சொன்னேன்.

"அங்கியே கீறேன்னு சொல்றதுன்னா?" என்றார் மீசைக்காரர்.

"இஷ் ப்ளைபெ."

மீசைக்காரர் அதையும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். நைனா சொல்லவில்லை. ஆனால் மற்றதை அவர் பிடித்துக்கொண்டார். அந்தக் கேள்வி வந்ததும் வாய் நிறையச் சோற்றோடு எனக்கு முன்னால் "ட்ஸுரூக்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஒத்திகையில் நான் சொன்னது பொய்தான். அதற்காக நான் கூசவில்லை. உண்மையான பதிலை, அதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கும்போது சொல்ல வைத்திருந்தேன்.

இன்டர்வியூ வந்தது ஆடி மாதத்தில். எங்கள் ஜன்னலுக்கு எதிர் கம்பத்தில் அம்மன் கோயில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால், சத்தமில்லாத அறையில் உட்கார வேண்டும் என்று ஜெர்மனி அக்கா சொல்லியிருந்தாள். எங்கள் தெருவில் அன்று அப்படி ஒரு அறை கிடையாது. நைனாவுக்கு ஃபோன் செய்து அழாத குறையாகச் சொன்னேன்.

"இங்க வா. கண்ணாடி ஏத்திட்டா சத்தம் வராது" என்றார்.

போனேன். மீசைக்காரர் வரிசையில் முன்னும் பின்னும் நடந்து சொல்லிக்கொண்டே போனார். "பாப்பாக்கு இன்டர்வியூ. எவனாவது ஆரன் அடிச்சே, மவனே, கீல எறங்கி வந்துருவேன்." அந்தச் சாலையில் ஹாரன் இல்லாத ஒரு மத்தியானத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நைனா ஸ்டியரிங் முன்னால் சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேமராவில் அவர் தெரியப்போவதில்லை, இருந்தாலும்.

ஃபோன் திரையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மாவும் ஒரு இளைஞரும் வந்தார்கள். பின்னால் தெரிவது என்ன என்றுதான் முதலில் கேட்டார்கள். அண்ணா நகர்ப் பெண் என்ன சொல்லச் சொல்லியிருப்பாள் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். பிறகு, இது என் அப்பாவின் லாரி, துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கிறோம், எங்கள் வீட்டில் இன்று சத்தம் என்றேன். ஃபோனைத் திருப்பி நைனாவைக் காட்டினேன். அவர் போலீஸ்காரரைப் பார்த்தால் வைக்கிற சல்யூட் ஒன்றை வைத்தார். அந்த அம்மாவும் பதிலுக்கு வைத்தார்.

கேள்விகள் வந்தன. வயதானவரைக் குளிக்க வைக்கக் கூச்சப்படுவாயா, இரவு வேலை பார்ப்பாயா, குளிர் தாங்குவாயா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி. பயிற்சி முடிந்த பிறகு என்ன செய்வீர்கள்?

மீசைக்காரர் கத்திக் கேட்ட அதே வார்த்தைகள். இந்த அம்மா மெதுவாகத்தான் கேட்டார், ஆனாலும் நைனாவுக்கு அது பிடிபட்டுவிட்டது. என் பக்கம் திரும்பினார். அவர் உதடு குவிந்தது. எனக்கு முன்னால் சொல்லிவிடாமல் அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

வருவேன் என்று சொல்லியிருந்தாலும் அந்த வேலை கிடைத்திருக்கலாம். பின்னால் மாற்றிக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அப்படிப் போகிறவள் நானாக இருக்கமாட்டேன். பஸ்ஸில் அவர்தான் கேட்டார், போவது யார் என்று. நான் அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொன்னேன்.

"இஷ் ப்ளைபெ."

காதில் சரியாக விழவில்லையோ என்று அந்த அம்மா புருவத்தை உயர்த்தினார். இன்னொரு தரம் சொன்னேன், முன்பைவிடச் சத்தமாக. அங்கேயே இருப்பேன். நிரந்தரமாக.

பேசி முடிந்தபோது வரிசை நகர ஆரம்பித்திருந்தது. நைனா வண்டியைக் கிளப்பினார். துறைமுக கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார். உள்ளே போக எனக்குப் பாஸ் கிடையாது. "கேரியர எடுத்துகினு எறங்கு" என்றார். அவ்வளவுதான். ஹாரன்கள் எல்லாம் மறுபடி ஆரம்பித்துவிட்டன.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்தபோதும் "சோக்கா கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். வரிசைக்கு நான் சாப்பாடு கொண்டு போனால் சாப்பிடுவார், கேள்வி கேட்கிற ஆட்டம் நின்றுபோயிருந்தது. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொன்னது தப்பு என்று ஆகியிருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க வலித்தது. அது வேறு, இது வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். அம்மா வஞ்சிரம் வறுத்திருந்தார். இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அத்தை பழைய பேச்சை எடுத்தார். கனடாப் பையன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லையாம்.

"மூணு வருசம் காத்துகினு இருப்பான், நான் பேசறேன். ஆனா இவ சொன்ன தேதிக்கு வந்துருவாளா? அதச் சொல்லு."

"வந்துருவா அண்ணி" என்றார் அம்மா.

நைனா மீன் முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்.

"வரமாட்டா."

அம்மாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. அத்தை என்னைப் பார்த்தார், நான் நைனாவைப் பார்த்தேன்.

"அவ அங்கியே இருக்கப் போறாக்கா. அந்தம்மா கேட்டுச்சு, இவ சொன்னா. நான் பக்கத்துலதான் குந்திகினு இருந்தேன்."

"அது அவங்க பாசையில பேசிருக்கும். உனுக்கு இன்னாடா புரிஞ்சுது?"

"எனுக்குப் புரியும்."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீயும் சரின்னு தலையாட்டிட்டியா? பெத்த பொண்ணு ஒரேடியா போறேன்னு கேட்டா, போன்னு சொல்லிடுவியா?"

நைனா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவ கேக்கலக்கா" என்றார். "சொன்னா."